220 கமாண்ட் மனப்பாடம், ஆனாலும் புரோகிராம் ஓடவில்லை: என்ன செய்வது?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், வேலையிடம் போன்றவற்றைத் தவிர்த்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 31 வயது. வணிகவியல் பட்டதாரி. ஒரு நிறுவனத்தில் தினமும் அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் வேலை. சாஃப்ட்வேர் டெவலப்பர் ஆக வேண்டும் என்று எட்டு மாதமாக இரவில் ஒன்றரை மணி நேரம் படிக்கிறார். பைத்தான் மொழியில்தான் தொடங்கினார். “யுனிக்ஸ் தெரியாமல் இந்தத் துறையில் காலம் தள்ள முடியாது” என்று நண்பர் ஒருவர் சொன்னதும், பழைய லேப்டாப்பில் யுனிக்ஸ் வகை இயங்குதளமான லினக்ஸைப் போட்டு, பைத்தானை ஓரங்கட்டிவிட்டு, 220 கமாண்டுகளை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்து வருகிறார். பாதி மறந்துபோகிறது. நடுவில் சி மொழியில் 40 வரியில் ஒரு புரோகிராம் எழுதினார். அது ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ (தொடக் கூடாத நினைவக இடத்தைத் தொட்டதாக வரும் எரர்) என்று சொல்லி விழுந்துவிடுகிறது. ஒரு ஃபைலை வரிசைப்படுத்தப் போய் அது காலியாகிவிட்டது. அலுவலக சர்வரில் பயிற்சி செய்தபோது ‘பர்மிஷன் டினைடு’ என்று வந்ததால் ஒரு ஃபோல்டருக்கு 777 அனுமதி கொடுத்திருக்கிறார். இப்போது அவர் கேட்பது: கமாண்டுகளை முடித்த பிறகுதான் புரோகிராமிங்கா? சி-யா, பைத்தானா? விண்டோஸை அழித்துவிடலாமா? வேலையை விட்டுவிட்டு முழுநேரப் பயிற்சியில் சேரலாமா? கூடவே, “என் மூளைக்கு இது ஒத்துவரவில்லையோ” என்ற பயமும்.

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் மூளையில் ஒரு குறையும் இல்லை. கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய அந்த 40 வரியைப் படித்துப் பார்த்தேன். லூப்பும் ஃபங்ஷனும் சரியான இடத்தில் இருக்கின்றன, பெயர்கள் தெளிவாக இருக்கின்றன. நீங்கள் தடுமாறுவதற்குக் காரணம் படிக்கும் முறைதான். யுனிக்ஸை ஒரு பாடமாகவும் புரோகிராமிங்கை இன்னொரு பாடமாகவும் பிரித்து, முதலாவதை முடித்தால்தான் இரண்டாவது என்று வரிசை கட்டிவிட்டீர்கள். அந்தப் பிரிவினையே தேவையில்லை. ஆனால் அதற்கு முன்னால் அவசரமான ஒன்று இருக்கிறது.

அலுவலக சர்வர்: இதை நாளைக்கே சரிசெய்யுங்கள்

777 என்றால் அந்த சர்வரில் கணக்கு உள்ள யார் வேண்டுமானாலும் அந்த ஃபோல்டரைப் படிக்கலாம், எழுதலாம், உள்ளே நுழையலாம் என்று பொருள். இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. யுனிக்ஸில் ஒரு ஃபைலை நீக்குவதற்கு அந்த ஃபைலின் மீது உரிமை வேண்டியதில்லை. அது இருக்கும் ஃபோல்டரில் எழுதும் உரிமை இருந்தாலே பொதுவாகப் போதும். ஆக, உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கு நீங்கள் எவ்வளவு கட்டுப்பாடு வைத்திருந்தாலும், வேறொருவர் அதை நீக்கிவிட்டு அதே பெயரில் தன் ஃபைலை வைத்துவிட முடியும். அந்த ஃபோல்டரில் இரவில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை யாராவது மாற்றி வைத்தால், ஸ்கிரிப்ட் யார் பெயரில் ஓடுகிறதோ அவருடைய உரிமை முழுவதும் மாற்றியவரின் கைக்குப் போய்விடும்.

பழைய அனுமதி என்னவாக இருந்தது என்று ஊகித்து நீங்களே மாற்றாதீர்கள். சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் எந்த ஃபோல்டர், எந்த நாள், என்ன கமாண்ட் என்று உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுங்கள். இதனால் கெட்ட பெயர் வருமே என்று தயங்குவீர்கள். அவரே கண்டுபிடித்த பிறகு விளக்கம் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

இனி அங்கே பயிற்சியும் வேண்டாம். “எனக்குத்தான் லாகின் கொடுத்திருக்கிறார்களே” என்பது போதுமான பதில் ஆகாது. அறிக்கை எடுப்பதற்காகக் கொடுத்த அனுமதி அறிக்கை எடுப்பதற்கு மட்டும்தான். அனுமதியின் எல்லையைத் தாண்டிக் கணினியைப் பயன்படுத்துவதைப் பல நாடுகளின் சட்டங்கள் குற்றமாகவே பார்க்கின்றன. நோக்கம் நல்லதாக இருந்தாலும் விசாரணை என்று வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

அலுவலக வேலைக்காக எழுதிய ஸ்கிரிப்டைக் கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்டு வேலை தேடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள். ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதும் கோடு பொதுவாக நிறுவனத்துக்கே சொந்தம். உங்கள் பணி ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிடுங்கள். இன்னொன்று, அந்த ஸ்கிரிப்டுக்குள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருந்தால் அடுத்த கமிட்டில் (மாற்றங்களைச் சேமிக்கும் பதிவில்) அழித்தாலும் அது போகாது, பழைய கமிட்டில் அப்படியே கிடக்கும். ஏற்கெனவே வெளியே போயிருந்தால் செய்ய வேண்டிய முதல் வேலை பாஸ்வேர்டை மாற்றச் சொல்வதுதான்.

சரி, இப்போது படிப்புக்கு வருவோம்.

அந்த நோட்டை மூடி வையுங்கள்

அகராதியை மனப்பாடம் செய்து யாரும் மொழி கற்றதில்லை. பல வருடம் டெர்மினலிலேயே, அதாவது கமாண்ட் தட்டும் திரையிலேயே, வேலை செய்பவர்கள்கூட அன்றாடம் தொடுவது முப்பது நாற்பது கமாண்டுகளுக்குள்தான் இருக்கும். மற்றவை தேவைப்படும்போது ‘மேன்’ என்ற கையேட்டுக் கமாண்டைப் போட்டுப் பார்ப்பதற்கு. மேன் பக்கங்களில் பிரிவுகள் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? 1-ஆம் பிரிவு கமாண்டுகள், 2-ஆம் பிரிவு கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதியிடம்) நேரடியாகக் கேட்கும் சிஸ்டம் கால்கள், 3-ஆம் பிரிவு சி லைப்ரரி ஃபங்ஷன்கள். ‘பிரிண்ட்எஃப்’ என்று தேடினால் ஷெல் கமாண்டின் பக்கம் வந்து குழப்புகிறது என்று எழுதியிருந்தீர்கள். மேன் என்பதற்கும் பிரிண்ட்எஃப் என்பதற்கும் நடுவே 3 என்று போட்டால் நீங்கள் தேடிய பக்கம் வரும்.

மனப்பாடத்துக்குப் பதிலாக நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய கருத்துகள் சில உண்டு. புரோகிராம் ஓடும்போது அது ஒரு ப்ராசஸ். ஒவ்வொரு ப்ராசஸும் தனக்கென ஒரு ‘நடப்பு ஃபோல்டர்’ வைத்திருக்கும். பிறக்கும்போதே வழக்கமாக மூன்று வாசல்கள் திறந்திருக்கும்: 0 உள்ளே வருவது, 1 வெளியே போவது, 2 எரர் போவது. முடியும்போது ஒரு எண்ணை விட்டுவிட்டுப் போகும். 0 என்றால் நல்லபடியாக முடிந்தது, வேறு எதுவானாலும் பெரும்பாலும் ஏதோ சிக்கல். நீங்கள் தட்டும் கமாண்டுகளைப் படித்து ஓடவிடும் ஷெல் என்பதும் இன்னொரு புரோகிராம்தான். இவ்வளவு தெரிந்தால் உங்கள் கடிதத்தில் உள்ள இரண்டு மர்மங்களும் அவிழ்ந்துவிடும்.

காலியான ஃபைலும் விழுந்த புரோகிராமும்

முதல் மர்மம். ‘சார்ட்’ என்று எழுதி, ஃபைல் பெயரைக் கொடுத்து, > குறி போட்டு, அதே ஃபைல் பெயரைத் திரும்பக் கொடுத்திருக்கிறீர்கள். ஃபைல் காலி. லேப்டாப்பின் டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்தீர்கள். டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. > குறி சார்ட்டுக்குச் சொல்லும் செய்தி இல்லை, அது ஷெல்லுக்கு. ஷெல் சார்ட்டை ஓடவிடுவதற்கு முன்பே அந்த ஃபைலைத் திறந்து, உள்ளே இருப்பதைத் துடைத்து, 1-ஆம் வாசலோடு இணைத்துவிடுகிறது. சார்ட் வந்து படிக்கும்போது அங்கே ஒன்றும் இல்லை. சார்ட்டுக்கே ‘மைனஸ் ஓ’ என்று ஒரு ஆப்ஷன் உண்டு, அதில் அதே ஃபைலுக்குள் எழுதினாலும் ஆபத்தில்லை. ஆனால் நீங்கள் மனதில் வைக்க வேண்டியது அந்த ஆப்ஷனை இல்லை. யார் எந்த வேலையை எப்போது செய்கிறார்கள் என்ற வரிசையை.

இரண்டாவது மர்மம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அடிப்படைகள் எல்லாம் இந்த ஒரு பக்-கிலேயே அடங்கியிருக்கின்றன. உங்கள் புரோகிராம் ‘எஃப்ஓப்பன்’ மூலம் ஒரு ஃபைலைத் திறக்கிறது. பிறகு ‘இங்கே வந்தேன்’ என்று அச்சிடுகிறது. அப்புறம் ‘எஃப்கெட்ஸ்’ மூலம் வரிகளைப் படிக்கிறது. திரையில் ‘இங்கே வந்தேன்’ வரவே இல்லை. ஆகவே அதற்கு முன்னாலேயே விழுந்துவிட்டது என்று முடிவுகட்டி, மூன்று நாள் முதல் பத்து வரிகளையே மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறீர்கள்.

அந்தச் செய்தியின் முடிவில் புதுவரிக் குறி இல்லை. வெளியே போவது டெர்மினலுக்கு என்றால் சி லைப்ரரி வழக்கமாக ஒரு வரி முடியும்வரை எழுத்துகளை நினைவகத்தில் சேர்த்து வைத்திருக்கும். வரி முடிவதற்குள் புரோகிராம் விழுந்தால் சேர்த்து வைத்ததும் அதோடு போய்விடும். அதாவது அந்த வரி ஓடியது, செய்திதான் வெளியே வரவில்லை. இப்படிச் சோதிக்கும்போது செய்தியை 2-ஆம் வாசலில், அதாவது எரர் பக்கம் எழுதுங்கள். அங்கே சேர்த்து வைக்கும் பழக்கம் இல்லை, உடனே வந்துவிடும்.

அப்படியானால் விழுந்தது எங்கே? எஃப்கெட்ஸில். நீங்கள் திறக்கச் சொன்ன ஃபைல் கிடைக்கவில்லை. எஃப்ஓப்பன் ‘நல்’ என்று, அதாவது எதையும் குறிக்காத வெற்று முகவரியை, திருப்பித் தந்தது. நீங்கள் அதைச் சோதிக்காமல் எஃப்கெட்ஸிடம் கொடுத்தீர்கள். நல் என்ற முகவரியில் படிக்க எதுவும் இல்லை என்பதால் கெர்னல் ப்ராசஸை நிறுத்திவிட்டது. “ஃபைல் அங்கேதானே இருக்கிறது” என்பீர்கள். இருக்கிறது, புரோகிராமின் பக்கத்தில். ஆனால் நீங்கள் அதை ஓட்டியது ஒரு ஃபோல்டர் மேலே இருந்துகொண்டு. பெயரை மட்டும் கொடுத்தால் தேடுவது புரோகிராம் இருக்கும் இடத்தில் இல்லை, ப்ராசஸின் நடப்பு ஃபோல்டரில். விண்டோஸில் ஐகானைக் கிளிக் செய்து பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணில் பட வாய்ப்பே இருப்பதில்லை.

இதையெல்லாம் என் வார்த்தையை நம்பி ஏற்க வேண்டாம், நீங்களே பாருங்கள். புரோகிராம் விழுந்தவுடன் ‘எக்கோ $?’ என்று கேளுங்கள். 139 என்று வரும். அது 128-உம் 11-உம் சேர்ந்தது. 11 என்பது செக்மென்டேஷன் ஃபால்ட் சிக்னலின் எண். பிறகு ‘எஸ்ட்ரேஸ்’ என்ற கருவியின் கீழ் அதே புரோகிராமை ஓட்டுங்கள். கெர்னலிடம் அது கேட்ட ஒவ்வொன்றும் வரிவரியாக வரும். கடைசி வரிகளில், உங்கள் ஃபைல் பெயரைச் சொல்லித் திறக்கக் கேட்டதும், ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்ற பதிலோடு -1 திரும்பி வந்ததும் இருக்கும். ஜிடிபி டீபக்கரில் ஓட்டினால் எந்த வரியில் எந்த ஃபங்ஷனுக்குள் விழுந்தது என்பதும் தெரியும். கம்பைல் செய்யும்போது ‘மைனஸ் ஜி’ சேர்க்க மறக்காதீர்கள். முக்கியமான எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் ‘மைனஸ் டபிள்யூ-ஆல்’ ஆப்ஷனையும் இன்றிலிருந்தே போடுங்கள். கம்பைலர் எச்சரிக்கையாகச் சொல்லும் எதையும் “ஓடுகிறதே, போகட்டும்” என்று கடந்துபோகாதீர்கள்.

நண்பர் சொன்னது இந்த வகையில் சரிதான். நினைவகம், ஃபைல், ப்ராசஸ், எரர் என்று புரோகிராமிங்கின் அடித்தளம் மூடியில்லாமல் கண்ணுக்குத் தெரியும் இடம் யுனிக்ஸ். அதைத் தனியாகப் படித்து முடிக்க முடியாது. உங்கள் சொந்தப் புரோகிராம் ஒன்று ஓடாமல் நிற்கும்போதுதான் அது பிடிபடும்.

சி-யா, பைத்தானா?

பைத்தானை ஓரங்கட்டியது தவறான முடிவு. அதைத் திரும்ப எடுங்கள். அதுதான் உங்களுக்கு அன்றாட மொழி, வேலை கிடைக்கவும் அதுதான் உதவும். சி-யை ஒரு மூன்று நான்கு மாதம் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யுனிக்ஸ் 1969-இல் பெல் லேப்ஸில் தொடங்கியது. கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1973-இல் அதன் கெர்னலை சி-யில் திரும்ப எழுதினார்கள். அதனால்தான் சிஸ்டம் கால்களின் மேன் பக்கங்கள் இன்றைக்கும் சி-யிலேயே பேசுகின்றன. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பைத்தானும் சி-யில் எழுதப்பட்டதுதான். சி-யில் பெரிய சாஃப்ட்வேர் எழுதுவது உங்கள் இலக்கு இல்லை. பைத்தான் உங்களுக்காக மறைத்து வைத்திருப்பது என்ன என்று ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

ஏஐ கருவிகள் கோடு எழுதித் தருகின்றனவே, இதெல்லாம் எதற்கு என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அவற்றைப் பயன்படுத்துங்கள், விளக்கம் கேட்பதற்கு. அவை தரும் கமாண்டை அப்படியே ஒட்டி என்டர் தட்டாதீர்கள், அதிலும் நிர்வாகி உரிமையோடு ஓட்டும் ‘சூடோ’ என்று தொடங்கினாலோ ஃபைலை நீக்கும் ‘ஆர்எம்’ இருந்தாலோ தட்டவே கூடாது. ஆர்எம் செய்தால் ஃபைல் குப்பைத் தொட்டிக்குப் போகாது, அப்படியே போய்விடும். ஒவ்வொரு ஆப்ஷனையும் மேன் பக்கத்தில் பார்த்துவிட்டு ஓட்டுவதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும்.

விண்டோஸ், எடிட்டர், இன்ன பிற

விண்டோஸை அழிக்க வேண்டாம். உங்கள் முக்கிய லேப்டாப்பிலேயே டபிள்யூஎஸ்எல் நிறுவினால் உள்ளே லினக்ஸ் ஓடும். அதன் இரண்டாம் பதிப்பில் ஓடுவது உண்மையான லினக்ஸ் கெர்னல்தான். பழைய லேப்டாப் தைரியமாக உடைத்துப் பார்ப்பதற்கு இருக்கட்டும். ‘விம்’ என்ற எடிட்டர் தெரியாவிட்டால் புரோகிராமரே இல்லை என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கைக்கு வசதியான எடிட்டரில் எழுதுங்கள். விம்முக்குள் மாட்டிக்கொண்டால் சேமிக்காமல் வெளியே வரத் தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

வேலையை விடலாமா?

இப்போது வேண்டாம் என்பதுதான் என் கருத்து. முழுநேரப் பயிற்சியில் நேரம் அதிகம் கிடைக்கும், கூடப் படிப்பவர்கள் இருப்பார்கள், தேங்கி நின்றால் கேட்க ஆள் இருக்கும். இவை உண்மையான நன்மைகள். ஆனால் கடன் வாங்கிச் சேர்ந்து, வருமானமும் இல்லாமல், ஆறு மாதத்தில் வேலை கிடைத்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில் அடிப்படைகளைப் பொறுமையாகப் படிக்க மனம் இடம் கொடுக்காது. நேர்காணல் கேள்விகளைத்தான் மனப்பாடம் செய்வீர்கள், திரும்பவும் நோட்டு. வேலை உறுதி என்று விளம்பரம் செய்யும் இடமாக இருந்தால், எந்த நிபந்தனையில் உறுதி, இடையில் நின்றால் பணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அதோடு, உங்கள் இப்போதைய வேலையே ஒரு நல்ல பயிற்சிக் களம். பெரிய லாக் ஃபைலில் எந்த எரர் அதிகம் வருகிறது என்று கையால் எண்ணுவதாகச் சொன்னீர்கள். மேலதிகாரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, வரிகளைத் தேடியெடுக்கும் கிரெப் மூலம் எரர் வரிகளை எடுத்து, நேரம் எழுதிய பகுதியைக் ‘கட்’ மூலம் வெட்டி, சார்ட், எண்ணிக்கை காட்டச் சொல்லும் ஆப்ஷனோடு யூனிக், திரும்ப சார்ட் என்று | குறியால் (பைப்) கோத்துப் பாருங்கள். யூனிக் அடுத்தடுத்து இருக்கும் ஒரே மாதிரி வரிகளைத்தான் சேர்க்கும், அதனால்தான் முதல் சார்ட். இரண்டாவது சார்ட்டில் எண்ணாகப் பார்க்கச் சொல்லும் ஆப்ஷனை விட்டுவிட்டால் 10 என்பது 9-க்கு முன்னால் வந்து நிற்கலாம்.

அடுத்து என்ன எழுதுவது?

யுனிக்ஸில் இருக்கும் சின்னக் கருவிகளை நீங்களே திரும்ப எழுதுங்கள். முதலில் ‘டபிள்யூசி’: வரி, சொல், பைட் எண்ணும் கருவி. பைத்தானில் ஒருமுறை, சி-யில் ஒருமுறை. ஒரே ஃபைலை உங்கள் கருவியிடமும் அசலிடமும் கொடுத்து எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பிறகு ‘தமிழ்’ என்ற ஒரு சொல் மட்டும் உள்ள ஃபைலைக் கொடுங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யுனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் 15 பைட், வரி முடிவையும் சேர்த்தால் 16. மூன்றும் சரியான விடைகள்தான். எதை எண்ணுகிறோம் என்று தீர்மானிப்பது புரோகிராமரின் வேலை. இந்த ஒரு சோதனை எழுத்துக்கும் பைட்டுக்கும் உள்ள உறவை உங்களுக்கு நிரந்தரமாகப் புரியவைத்துவிடும்.

அதன்பின் எளிய கிரெப். அதற்கும் பின், அவசரமில்லை, ஒரு சின்ன ஷெல்: ஒரு வரியை வாங்கி, ‘ஃபோர்க்’ மூலம் இன்னொரு ப்ராசஸை உண்டாக்கி, ‘எக்ஸெக்’ மூலம் அதற்குள் கமாண்டை ஏற்றி, ‘வெயிட்’ மூலம் முடியும்வரை காத்திருப்பது. தொடக்கத்திலிருந்தே எல்லாவற்றையும் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியில் வைத்துக்கொண்டே போங்கள். இவை உங்கள் சொந்த நேரத்தில், உங்கள் சொந்த லேப்டாப்பில் எழுதியவை. ஒப்பந்தத்தில் தடை இல்லையென்றால் தயங்காமல் பொதுவில் வைக்கலாம். இணையத்திலிருந்து யாருடைய கோடையாவது எடுத்தால் அதன் லைசென்ஸைப் பாருங்கள். லைசென்ஸே இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை, அனுமதி இல்லை என்றுதான் அர்த்தம்.

ஷெல்லில் பைப்பையும் சேர்க்கும் இடத்துக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அந்தக் கட்டத்தில் எல்லாம் சரியாக இருந்தும் புரோகிராம் முடியாமல் தொங்கிக்கொண்டு நிற்கும். பைப்பின் எழுதும் முனையைப் பேரன்ட் ப்ராசஸில் (ஃபோர்க் செய்த ப்ராசஸில்) மூடினீர்களா என்று முதலில் பாருங்கள். அது திறந்திருக்கும்வரை மறுமுனையில் படிப்பவர் இன்னும் ஏதோ வரும் என்று காத்துக்கொண்டே இருப்பார்.